ஹேமலதா வீட்டு ஜப்ளா

நம்பினால் நம்புங்கள். இதைச் சொல்வதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன ஐப்பசி மழையில், ஆரணியில், எங்கள் வீட்டு நடு அறையில் நடந்தது. அன்றிலிருந்து நான் தயிர் தொடுவதில்லை. பால் காயும் வாசனை வந்தாலே எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன்.

அக்கா ஜெயப்ரியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, எடை குறைவு. ஒரு வாரத்தில் எடை ஏறாவிட்டால் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அதனால் எங்கள் எல்லாருக்கும் இருந்தது ஒரே கவலை. குழந்தை பால் குடிக்கிறதா, இல்லையா?

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போட மாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையை வாங்கித்தான் போடுவார்கள். அம்மா அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் பட்டு வியாபாரி சந்திரமோகன் வீட்டுப் படங்கள் வந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு சேத்துப்பட்டுக்குப் போகிறார்கள். கட்டில், மிக்ஸி, கொசுவலை... வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் படத்தில் ஒரு துணிப்பை. 'குழந்தை துணி' என்று போட்டிருந்தார்கள்.

என்னை அனுப்பினார்கள். அடுத்தவர் கழித்துப்போட்டதைக் கிளறுவது எனக்குக் குமட்டும். எண்ணெய்ப் பிசுக்கேறிய ஜாடி, முடி சிக்கிய சீப்பு, மஞ்சள் கறை படிந்த தலையணை. அதையும் இரண்டு பெண்கள் இழுத்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவள் துணிதான் என்று நினைத்தேன். சந்திரமோகன் பையை என் கையில் திணித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவி ஹேமலதா முதல் நாளே சேத்துப்பட்டுக்குப் போய்விட்டாராம்.

பையில் இருந்தது ஒரே ஒரு ஜப்ளா. நாடா கட்டுகிற வெள்ளைச் சட்டை. பழுத்து, வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

"எப்டி வெளுத்துகினு கீது பாரு. நல்லா போட்டு ஒழச்ச துணிடா."

"புளிச்ச பால் நாத்தம் அடிக்குதும்மா."

"கொழந்த துணி பின்ன செண்ட்டா அடிக்கும்? மூடிகினு போ."

வெந்நீரில் அலசிக் காயவைத்துப் போட்டாள். அன்று மாலையிலிருந்து குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் சட்டையின் கழுத்து மட்டும் நனைந்தது. துடைத்தால், மறுபடி நனைந்தது. கொழகொழவென்று, வெள்ளைக் கட்டி கட்டியாக.

"குடிச்சத கக்குது," என்றாள் அம்மா.

குடிக்கவே இல்லையே. எதைக் கக்கும்?

இரவு சட்டையைக் கழற்றி அலசி, வெளியே மழை என்பதால் அறைக்குள் கொடியில் போட்டாள். குழந்தையைப் பழைய வேட்டியில் சுற்றித் தூளியில் கிடத்தினாள். நான் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன். வேலையை விட்ட பிறகும் ராத்திரித் தூக்கம் வருவதில்லை. அதனால் காவல் எனக்கு. அக்கா பாயில் ஒருக்களித்துத் தூங்கினாள். அம்மா சுவரோரம்.

மழை விட்டது.

மணி 2.10. போனில் பார்த்தேன். அப்போதுதான் கேட்டது.

ச்சப்... ச்சப்... ச்சப்...

அப்பாடா, குடிக்கிறது என்று நினைத்தேன். எழுந்து இருட்டில் அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கப் போனேன். தூளி தலையில் இடித்தது.

தூளி கனமாக இருந்தது. குழந்தை உள்ளேதான் இருந்தது. வாய் மூடியிருந்தது.

ச்சப்... ச்சப்...

போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். கொடி காலி.

ஜப்ளா அக்காவின் பக்கத்தில் கிடந்தது. நாடா கட்டியிருந்தது. வயிற்றுப் பக்கம் உப்பியிருந்தது.

ஏறி... இறங்கியது.

கழுத்து ஓட்டை அக்காவின் மார்பில் ஒட்டியிருந்தது. சத்தம் அங்கிருந்துதான்.

பிடித்து இழுத்தேன். வரவில்லை. அட்டை மாதிரி உறிஞ்சிப் பிடித்திருந்தது.

இன்னும் இழுத்தேன்.

'ப்ளக்'.

சூடாக இருந்தது. கனமாக. கழுத்து வழியாகத் திரிந்த பால் கொட்டியது. என் கையில், என் காலில், விரல் இடுக்கில்...

பிறகு கையில் வெறும் துணி.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சொன்னாள்.

"ஏன்டா எடுத்த? இன்னும் குடிச்சிகினு இருந்துச்சே..."

தூளியில் குழந்தை வீறிட்டது. அம்மா எழுந்து அதை அக்காவிடம் போட்டாள். பசியில் கடித்துக் குதறுவது போலக் குடித்தது. நான் கொல்லையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நனைந்த பாயைப் பார்த்தாள்.

"எரிக்காத. குடுத்தவங்க கையிலயே குடுத்துட்டு வந்துடு. ஜல்தி போ."

இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பைக்கில் சேத்துப்பட்டு போனேன். ஹேமலதா கதவைத் திறந்தார். கவரைப் பிரித்ததும் நாடாவைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்டி உங்ககிட்ட வந்துச்சு?"

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் குடுத்தாருங்க. வாசல்ல சைக்கிள் ஓட்டிகினு இருந்துச்சே, அந்த உங்க பொண்ணுதுன்னு நெனச்சேன்..."

"எனக்கு ஏதுங்க பொண்ணு? சைக்கிள் ஓட்டிகினு இருந்தது நாத்தனார் பொண்ணு."

வயிற்றில் குழந்தை இருந்தபோது அவரே கையால் தைத்த சட்டையாம். எட்டு வருஷம் ஆகிறது. பிறந்த அன்றே குழந்தை போய்விட்டது.

"ஒரு சொட்டுப் பால் எறங்கல. இதையாவது போட்டு அனுப்பலாம்னு கேட்டேன். வேணான்னுட்டாங்க. மடிப்பு கலையாம பீரோல வச்சேன். யாருமே போட்டதில்லீங்க."

"நைஞ்சி கீதேங்க," என்றேன்.

அவர் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினார். பக்கவாட்டுத் தையலை விரலால் தேடினார்.

"வளர வளரப் பிரிச்சு உட்டுக்கலாம்னு உள்ள துணி மடிச்சு தெச்சிருந்தேன்," என்றார்.

உள்ளே மடிப்பு இல்லை. பழைய ஊசித் தடம் மட்டும் வரிசை வரிசையாக இருந்தது. கடைசி வரைக்கும் பிரித்து விட்டிருந்தது.