படத்தின் ஓரத்தில் என் கை

என் அலமாரியின் மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு புகைப்படம் இருக்கிறது. மழைச்சாரலில் ஒரு மனிதர் அடிபம்பில் முகம் கழுவி நிமிரும் கணம் அதில் பதிவாகியிருக்கிறது. உலை வெப்பத்தின் முன் ஆண்டுக்கணக்கில் நின்று சிவந்த கண்கள். தாடையிலிருந்து நீர் ஒழுக, நம்மை நேராகப் பார்க்கிறார். படத்தின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் குடையும், அதன் காம்பைப் பற்றிய ஒரு கையும் தெரிகின்றன. அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. அது என் கை. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். இந்த ஓரத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. துணியைப் பிரிக்கும்போதெல்லாம், ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். வயதானவனின் வீண் அச்சம் என்று என் மருமகள் நினைக்கக்கூடும். நடந்தது அவளுக்குத் தெரியாது.

படத்தை எடுத்தவர் எங்கள் ஆலையின் ஆய்வகத் தலைவராக இருந்த அம்மையார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் அவர் எஃகைச் சோதித்தார். நான் பணியாளர் பிரிவின் அதிகாரியாக ஆட்களை வேலைக்குச் சேர்த்தேன். கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குப் புகைப்படத்தில் பற்று உண்டு. ஆனால் படம் எடுக்க இரண்டு கைகளும் வெளியே வரவேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம், எங்கள் ஊர் நெல் அரவை இயந்திரத்தின் பட்டையில் சிறுவயதிலேயே இடது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து அந்தக் கை கால்சட்டைப் பைக்குள்தான் வாழ்ந்தது. பையில் கைவிட்டுக்கொண்டே பேசும் திமிர் பிடித்த அதிகாரி என்று தொழிலாளர்கள் என்னைச் சொன்னது தெரியும். பரிதாபத்துக்கு உரியவனாவதைவிட அந்தப் பெயர் மேல் என்று கருதி, அதை நான் கவனமாகவே காப்பாற்றினேன். ஓய்வு பெற்றபின் அம்மையார் காலை வேளைகளில் படமெடுக்கக் கிளம்பும்போது நானும் உடன் போவேன். வெளிச்சத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதும், மழையானால் குடை பிடிப்பதும் என் பங்கு.

அவர் எடுத்த படங்களைப் போட்டிகளுக்கு அனுப்புவார். அனுப்புவதில் அவர் காட்டிய எச்சரிக்கையை நான் வேறெவரிடமும் கண்டதில்லை. போட்டி அறிவிப்பு ஒன்று வந்தால், திரையில் பரிசு விவரம் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிப்பார். "பரிசு கண்ணுல பட்டா விதி கண்ணுல படாது சார்" என்பார். நடத்துபவர் யார், முன்பு வென்ற படங்களை எடுத்தவர் பெயரோடு வெளியிட்டிருக்கிறார்களா என்று தேடுவார். முடிந்தால் பழைய வெற்றியாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அதன்பின் உங்கள் படம் எங்கெல்லாம் போயிற்று என்று விசாரிப்பார். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு பெரிது என்று வரும் அறிவிப்புகள்மீதுதான் அவருக்குச் சந்தேகம் அதிகம். தோற்ற படங்களும் எங்களுக்கே சொந்தம், எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்துவோம் என்ற வரி அவற்றின் அடியில் எங்கேயாவது பதுங்கியிருக்கும். அதைக் கண்டதும் மூடிவிடுவார். காப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும், போட்டிச் செய்திக்கும் கண்காட்சிக்கும் மட்டும் பயன்படுத்துவோம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கே அவர் படம் போகும்.

அதுவும் முழுப் படமாகப் போகாது. ஆய்வகத்துக்கு வரும் எஃகில் ஒரு துண்டைச் சோதிக்காமல் பூட்டி வைப்பார்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. அம்மையார் அந்த வழக்கத்தைப் படங்களுக்கும் கொண்டுவந்தார். எந்தப் படத்தையும் ஓரம் வெட்டாமல் வெளியே விட்டதில்லை. முழுச் சட்டகம் அவரிடம் மட்டுமே இருக்கும். போட்டிக்குப் போவதை ஒருவிதமாகவும், அன்பளிப்பாகக் கொடுப்பதை வேறுவிதமாகவும் வெட்டுவார். எங்கே கசிந்தாலும், எந்த வெட்டு என்று பார்த்து வழியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. எஃகுக்குச் சரி, முகத்துக்கு எதற்கு இத்தனை என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

படத்திலிருப்பவர் எங்கள் ஆலையின் உலைப் பகுதித் தொழிலாளி. தம் தெருத் தேவாலயத்தில் மூப்பர். அவருடைய தகப்பனார் பிறர் நெல்வயலில் கூலிக்கு இறங்கியவர். மூப்பரோ குடியை எதிர்த்துத் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்யும் மனிதர். அந்தத் தெருவில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. இரவுப்பணி முடிந்து அவர் முகம் கழுவிக்கொண்டிருந்த காலை, அம்மையார் எடுக்கலாமா என்று கேட்டார். "என் மூஞ்சி இன்னாத்துக்குமா?" என்று சிரித்தார் மூப்பர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னா நிக்கிறேன் சார். எங்கனா தப்பான எடத்துல போட்டுட்டா, நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"என்னிடம் வாருங்கள்" என்றேன்.

சாரல் எதிரிலிருந்து அடித்தது. கேமரா நனையாமலிருக்க நான் ஓர் அடி முன்னால் நின்று குடையைச் சாய்த்தேன். வலது கையில் அம்மையாரின் கேமராப் பை இருந்தது. இடது கை எப்போது கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது என்பதை நான் உணரவேயில்லை. பிறகு கணினித் திரையில் அதைக் கண்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. அம்மையார் என் முகத்தைப் பார்த்தார். விரல்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "ஓரத்தை எப்படியும் வெட்டிடுவேன் சார். நீங்க சொல்லாம இதை யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

வெட்டிய படம் சென்னையில் ஒரு போட்டியின் கண்காட்சிக்குத் தேர்வாயிற்று. வேறு அளவில் வெட்டிய இன்னொரு பிரதியை மூப்பர் வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதை அவர் மனைவி முந்தானையால் துடைத்துச் சுவரில் மாட்டினார். அத்துடன் அது நல்லபடி முடிந்தது என்றே எண்ணியிருந்தேன்.

ஓராண்டு போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலை மூப்பர் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"உங்ககிட்டதானே வரச் சொன்னீங்க சார், வந்துட்டேன்" என்றார்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருபவர்களின் கண்ணெதிரே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் முளைத்திருந்தது. போதை மறுவாழ்வு இல்லம் ஒன்றின் விளம்பரம். ஆள் உயரத்துக்கு மூப்பரின் முகம். உலையில் சிவந்த கண்கள் அங்கே குடியில் சிவந்தவையாயின. பம்பு நீர் கண்ணீராயிற்று. அருகில் பெரிய எழுத்தில்: நேற்று வரை நான் குடிகாரன். தேநீர்க் கடையில் ஒருவன், "இன்னா மூப்பரே, பிரசங்கம் எங்களுக்கு, பாட்டில் உங்களுக்கா?" என்று கேட்டானாம். கடையே சிரித்ததாம். அதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் உயரவில்லை. சபை இளைஞர்கள் கிழித்தெறியக் கிளம்பியதை அவரே தடுத்திருக்கிறார். கிழித்தால் வழக்காகும், பேச்சு இன்னும் பரவும். அவருடைய அச்சம் வேறு. "ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயம் சார். மீஞ்சூர்லருந்து மாப்ள வூட்டுக்காரங்க ரயில்லதான் வராங்க. எறங்குனா மொதல்ல அதான் கண்ணுல படும்."

அவர் போனபின் நான் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. நாற்பதாண்டு அதிகாரியாக இருந்தவனின் சொல்லை நம்பி ஒரு மனிதர் தம் முகத்தைக் கொடுத்திருந்தார். அந்தத் திருமணம் நின்றால், நிறுத்தியது பேனர் அல்ல, என் சொல். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

அம்மையாரும் நானும் ரயில் நிலையத்துக்குப் போனோம். போட்டிக்காரர்கள்தாம் விற்றிருப்பார்கள் என்று நான் வழியெல்லாம் பொருமினேன். அவர் பேனரின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். "இது போட்டிக்குப் போனது இல்ல சார். அதுல பம்போட கைப்பிடியைப் பாதியில வெட்டியிருந்தேன். இங்க முழுசா இருக்கு. இது அவங்க வீட்டுப் படம்."

மூப்பரைக் கேட்டோம். படத்தை யாருக்கும் கொடுக்கவேயில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். சற்று யோசித்து, "சபை ஆண்டுவிழாவுக்கு பேனர் அடிக்கணும்னு பசங்க கேட்டானுங்கோ, குடுத்தேன். பேனருக்குத்தானேமா?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காதுகுத்தோ கல்யாணமோ சாவோ, இந்தப் பக்கத்தில் பேனர் இல்லாமல் நடப்பதில்லை. பேனருக்குக் கொடுப்பதை எவரும் கொடுத்ததாகவே நினைப்பதில்லை. ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் அந்த முகம் தங்கிவிட்டது. சோகமான முகம் ஒன்று வேண்டும் என்று மறுவாழ்வு இல்லத்தார் கேட்டபோது, கடைக்காரன் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறான். தூரத்துப் போட்டிகளின் விதிகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்த எங்களுக்கு, அடுத்த தெருக் கடை தோன்றவேயில்லை.

சனிக்கிழமை மறுவாழ்வு இல்லத்துக்குப் போனோம். மூப்பர் வர மறுத்தார். அந்த வாசலில் அவர் நுழைவதை ஒருவர் பார்த்தால் போதும், பேனர் சொன்னது உண்மையாகிவிடும். உண்மையைச் சொன்னால், நுழையும்போது என் கண்ணும் தெருவைத்தான் துழாவியது. மேலாளர் இளையவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார். ஆனால் படத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "மேடம், அப்படி ஒரு ஆளே கெடையாது. ஏஐ போட்ட மூஞ்சி அது. யாரோட படமும் இல்லைனு டிசைன் பண்ணவரு சொன்னதாலதான் வாங்குனோம்." அங்கேயே ஃபிளெக்ஸ் கடைக்காரனைக் கைபேசியில் அழைத்துக் கேட்டார், அவனும் அதையே சாதித்தான். ஆள் இருந்தால் நேரில் வரச்சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார் மேலாளர்.

அம்மையாரின் மடியில் ஓர் உறை இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை அவர் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மூப்பரிடம் அன்று பம்படியில் கேட்ட அதே குரலில், "காட்டலாமா சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த அச்சத்தை என்னால் இன்றும் சரியாக எழுத இயலவில்லை. தலையசைத்தேன்.

மேலாளர் முழுப் படத்தையும் பேனர் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓரத்தில் விரல் வைத்து மறுபடி சிரித்தார். "இதுவும் ஏஐதான் மேடம். கையைப் பாருங்க, ரெண்டு வெரலே காணோம். ஏஐக்கு இன்னும் கை போட வரல. அதுல இருந்துதான் கண்டுபுடிப்போம்."

அம்மையார் உறையைக் கையில் எடுத்தார். படத்தைத் திருப்பி உறையில் வைக்கக்கூடத் தயாராக இருந்தார் என்றே நினைக்கிறேன். நான் என் இடது கையைப் பையிலிருந்து எடுத்து, மேசையில், படத்தின் பக்கத்தில் வைத்தேன். அது வெளிறிப்போய், மற்றக் கையைவிட இளையதாக, யாருடையதோ போலக் கிடந்தது. மேலாளரின் சிரிப்பு நின்றது. கையையும் படத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்த நேரம் முழுதும் நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க சார்" என்றார். எந்தக் குற்றத்துக்கென்று சொல்லவில்லை.

அன்று மாலையே பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்கள். கடைக்கணினியிலிருந்து அம்மையார் முன்னிலையில் படத்தை அழித்தார்கள். மறுநாள் மீஞ்சூர்க்காரர்கள் இறங்கியபோது அங்கே வெறும் சவுக்குக் கம்புகள் மட்டுமே நின்றன. நிச்சயம் நடந்தது, பின்னர் திருமணமும் நடந்தது. ஆனாலும் மூப்பர் அதன்பின் தெருமுனையில் பிரசங்கம் செய்யவில்லை. புதிதாகப் பேனர் கட்டுவதைக் கண்டால், துணி முழுதாக விரியும்வரை எட்டத்திலேயே நின்றுவிட்டுப் பிறகுதான் நடக்கிறார். நானும் அப்படியே. அழித்த படம் அதற்குமுன் எத்தனை கைபேசிகளுக்குப் போயிற்று என்பதை யார் சொல்ல முடியும்? "வெளிய போன படத்தைத் திருப்பி வாங்க முடியாது சார். நம்மளோடதுனு மட்டும்தான் சொல்ல முடியும்" என்று சொல்லி, முழுப் படத்தின் ஒரு பிரதியை அம்மையார் என்னிடம் கொடுத்தார். போன மழைக்காலத்தில் அவர் காலமானார்.

சென்ற வாரம், அவருக்குப் பழக்கமான ஒரு புகைப்படக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். அம்மையார் நினைவாக ஒரு போட்டி நடத்தப்போகிறார்களாம். அறிவிப்பின் நகலை நீட்டினார். பரிசு விவரத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். அடியில் இருந்தது: வந்து சேரும் படங்கள் அனைத்தும் என்றென்றும் குழுவின் உடைமை. அவர் பெயருக்குக் கீழே அந்த வரி. இதை மாற்றாமல் அவர் பெயரைப் போடக்கூடாது என்றேன். மாற்றுவதாக இலேசாகச் சொன்னார். எல்லாரும் போடுவதுதான் என்றும் சொன்னார். பிறகு, அம்மையாரின் சிறந்த படம் என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதைப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

பார்க்கக் கேட்டதால் வெள்ளைத் துணியைப் பிரித்தேன். வெகுநேரம் பார்த்தார், உள்ளபடியே வியந்தார். அறிவிப்பின் முகப்புக்கு இதைவிட எது பொருந்தும் என்றபடி கைபேசியை உயர்த்தினார். மூப்பரின் கண்கள் என்னை நேராகப் பார்த்தன. நான் எட்டி, இடது கையை அந்த முகத்தின்மேல் விரித்து வைத்தேன்.

"முதலில் அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்றேன்.

விரல் இல்லாத இடைவெளி வழியே ஒரு கண் மட்டும் தெரிந்தது. என் கை விழுவதற்குமுன் கைபேசி அதை எடுத்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர் விடைபெற்றுப் போன பிறகும், நான் கையை எடுக்கவில்லை.