ராசியான தோணியில் பாதிப் பங்கு

ரோசம்மாள் அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் ஒரு தோணி ஆபீசில் கிளார்க். கொழும்புக்குப் போகும் பாய்த்தோணிகளுக்கு லோடு பிடிப்பது, தோணிப் பங்கு கைமாற்றி விடுவது இரண்டும் என் வேலை. அக்காவின் கணவர் தண்டல், அதாவது தோணிக்கு கேப்டன். அவர் காய்ச்சலில் இறந்ததும் அவர் ஓட்டிய தோணியில் இருந்த பாதிப் பங்கு அக்காவுக்கு வந்தது. மீதி எங்கள் முதலாளியுடையது.

தோணியோ கிழடு. பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்த கையோடு மறுபடி தண்ணீர் குடிக்கும். இப்போது பெரிய ரிப்பேர் வந்து, அக்காவின் பங்குக்கும் பணம் கேட்டிருந்தார் முதலாளி.

"இதையும் போடுங்க தம்பி. இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் போயிரும்லா? அவுக பிடிச்ச சுக்கான் வேற."

"யக்கா, ஒண்ணு கேக்கேன். இது உங்க தோணியே இல்லன்னு வச்சுக்கிடுங்க. இந்தச் சங்கிலிய வித்து இன்னைக்கு இதுல பங்கு வாங்குவியளா?"

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. எனக்கும் சங்கடமாகப் போயிற்று. சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "பங்க வாங்க ஆள் பாருங்க" என்றார்.

ஆள் சுலபமாகக் கிடைத்தார், ஏரல் வெங்காய வியாபாரி அண்ணாச்சி ஒருவர். முன்பு ஒரு புயலில் மற்ற தோணிகள் சரக்கைக் கடலில் கொட்டியபோது இந்தத் தோணி மட்டும் முழு லோடோடு கரை வந்தது. அன்றிலிருந்து கரையில் இதற்கு 'ராசியான தோணி' என்று பேர். ஒருதரம் தோணிக்குள் இறங்கிப் பாருங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"பாக்க என்னடே இருக்கு? ராசி இருக்குல்லா!" என்று அட்வான்சோடு உட்கார்ந்தார்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த அக்கா கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, அடிப்பலகை உளுத்துப் போச்சு. மாத்தாம கடல்ல இறக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க. அப்பத்தான் கையெழுத்து."

பக்கத்தில் இருந்த முதலாளி என் காலை மிதித்தார். "ஏலே, அந்தம்மாவச் சும்மா இருக்கச் சொல்லு."

"ராசி ராசின்னு சொல்லி ஏமாத்தப் பாத்தியளோ!" அண்ணாச்சி பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வியாபாரம் முறிந்தால் மறுபடி சங்கிலிதான்.

"ஏன் யக்கா இப்படிப் பண்ணுனிய?"

"ராசி நம்ம வாயில இருக்கு தம்பி, தண்ணி கீழ இருந்துலா வருது. ஏறிப் போறவன் வீட்டுலயும் என்னய மாதிரி ஒருத்தி இருப்பா."

சில நாளில் அண்ணாச்சி, குறையை மறைக்காதவரிடம் வாங்கலாம் என்று, தோணித் தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தானே திரும்பி வந்தார். பலகைச் செலவை விலையில் கழித்துக்கொண்டார், அக்கா கேட்டதையும் எழுதிக் கொடுத்தார். அக்கா பேரம் பேசவில்லை. வந்த பணத்தைத் தபாலாபீசில் போட்டார்.

பிறகு பங்கு, நிலம், நகை என்று யோசனை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்: "இன்னைக்குப் புதுசா வாங்குவியளா?" நீங்களும் கேட்டுப் பாருங்கள், பாதி மயக்கம் தெளியும். பாசமே ஆகாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். தோணி மரத்தின் மேல் வைத்த பாசம் அக்காவுக்கு நஷ்டம். அதில் ஏறும் ஆட்கள் மேல் வைத்த பாசத்தில் அவர் கணக்கு தப்பவில்லை.

அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். சங்கிலி கழுத்தில் இருந்தது.