செம்மண்ணுக்கு அடியில் கோரை

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை மனை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். சிதம்பரம் சாலையில், கடலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். மஞ்சள் அடித்த கற்கள், படபடக்கும் கொடிகள், கண்ணைப் பறிக்கும் புதுச் செம்மண். அவளுக்கு இடம் பிடித்துவிட்டது. அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராக வந்திருந்தாள். நான் செருப்பு முனையால் மண்ணைக் கிளறினேன். புதுச் செம்மண்ணைக் கண்டால் என் கால் சும்மா இருக்காது. நாலு விரற்கடை ஆழத்தில் கருப்புக் களி. அதில் ஒரு கோரைக்கிழங்கு. எடுத்து மோந்தேன். குளியல் பொடி வாசனை.

அந்த வாசனைக்கு எனக்கு ரெஜினா டீச்சர் ஞாபகம்தான் வரும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருப்பாதிரிப்புலியூரில் மனை விற்கும் ஒருவரிடம் வேலை. பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆள் ஏற்றிப் போய், மனையைக் காட்டி, எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, திரும்ப இறக்கிவிட வேண்டும். சனிக்கிழமை வேலை வேறு. தாழ்ந்த பக்கத்தில் முளைத்திருக்கும் கோரையைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே செம்மண் பரப்பச் செய்வேன். கோரை இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

"கோரை தல தெரிஞ்சா ஒரு மனை போவாதுடா" என்பார் முதலாளி. நாங்கள் மனை போட்டு விற்ற நகருக்குத் தன் மகள் பெயரை வைத்தவர், அந்த மகளுக்கு அங்கே ஒரு மனைகூட எடுத்து வைக்கவில்லை. செய்வது எவ்வளவு தப்பு என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரெஜினா டீச்சர் எங்கள் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். என் தங்கைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேனில் மனை பார்க்க வந்தவர், குடை முனையால் மண்ணைத் தோண்டினார். கிழங்கு வந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா? உண்மைய சொல்லு."

"நிக்காது டீச்சர். இது லாரி மண்ணோட வந்திருக்கும்."

அந்த லாரி எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்ததோ!

"நம்ம ஊரு புள்ள, நீ சொல்ற. எடுத்துக்கறேன்" என்று கிழங்கைக் கீழே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வீடு கட்டிய முதல் மழைக்கே கூடத்தில் தண்ணீர். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு உயர்ந்தது, வீடு பள்ளமானது. கடைத்தெருவில் பார்த்தால் "தங்கச்சி நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மன்னித்துவிட்டாரா, இல்லை, என்னோடு பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டாரா? இன்றுவரை சந்தேகம்தான். நானே அப்படிப் பொய் சொன்னவன் என்பதால், அதற்குப் பிறகு பால்காரர் முதல் டாக்டர் வரை யாரையும் நான் சந்தேகப்படாமல் விட்டதில்லை.

போன ஞாயிறு, மனை காட்டிய இளைஞனிடம் கிழங்கை நீட்டினேன். "மழைக்குத் தண்ணி நிக்குமாப்பா?"

"சத்தியமா நிக்காது சார். லாரி மண்ணுல வந்திருக்கும்."

அதே லாரி. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அப்பா, உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம். அவுரு என்னா பண்ணாரு பாவம்" என்று காரில் பொரிந்தாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, "டீச்சர் வூடு எங்கப்பா?" என்று கேட்டு வண்டியைத் திருப்பினாள்.

டீச்சர் எங்கே போனார் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வீடும் இல்லை. இடித்து, ரோட்டு மட்டத்துக்கு மண் அடித்து, விற்பனைக்கு என்று பலகை வைத்திருந்தார்கள். மேலே புதுச் செம்மண்.

மகள் இறங்கிப் போய், செருப்பு முனையால் கிளற ஆரம்பித்தாள்.