பிசிறு கடித்த பல்

அறுபதுகளில், திருப்பூரில் நான் பல் வைத்தியம் ஆரம்பித்த புதிதில் வந்தவர் அந்த அம்மாள். பெயர் மறந்துவிட்டது. தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைப் பல்லால் கடித்து அறுப்பதுதான் கம்பெனியில் அவருக்கு வேலை. என் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அவர் கை தானாக முந்தானையில் ஒரு பிசிறைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. கடித்ததும் வலியில் முகம் சுருங்கியது.

முன்பல்லின் நுனியில் நூல் அறுத்த பள்ளம். அதிலிருந்து ஈறு வரை மயிரிழை போல ஒரு விரிசல்.

“விரிசல் விட்ட பல் தானா ஒட்டாதும்மா. உறை போடலாம். ஆனா இனிமே நூலைக் கடிச்சீங்கன்னா அதுவும் நிக்காது. கத்தரியில வெட்டுங்க” என்றேன்.

“கத்தரி பட்டா பனியன் ஓட்டையாயிருமுங்க. அதுனால கம்பெனிக்குள்ள கத்தரியே உடமாட்டாங்க. இதையப் புடுங்கிப் போடுங்க சாமி. பக்கத்துப் பல்லு நல்லாத்தானுங்க இருக்குது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பல்லை விடப் பனியன் பெரிசா?”

அவருக்குக் கோபமே இல்லை. என் சட்டைக் கழுத்தில் தெரிந்த பனியனைப் பார்த்தார்.

“ஓட்டைப் பனியன் குடுத்தா நீங்க வாங்குவீங்களா?”

குறடு எடுத்தேன். பல்லைப் பிடுங்கினேன். வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் பனியனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை.