பக்கத்திலேயே வந்த கடல்

பொழிச்சலூரில், விமானங்கள் மொட்டைமாடியை உரசுவதுபோல் இறங்கும் தெருவில் எங்கள் அக்கா பிறந்தார். முதன்முதலாக அவர் விமானம் ஏறியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்தப் பயணத்தைப் பற்றி உறவினரும் நண்பர்களும் அறிய எழுதுகிறேன்.

அப்பா காலமானபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தாம்பரத்து வீட்டில் வைத்துக் கடைசிவரை பராமரித்தவரும் அவரே. கோபம் வந்தால் பாத்திரங்களிடம் மட்டும் காட்டுவார்.

அம்மா போன மறு ஆண்டு, அக்காவின் வலது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்று விழத் தொடங்கியது. நரம்பு வியாதி, தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும், குணப்படுத்த மருந்தில்லை என்றார் மருத்துவர். வீடு திரும்பும் ஆட்டோவில் அக்காதான் பேசினார்.

"டேய், கால் இருக்கும்போதே எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா. ட்ரெயின்ல போகணும், பக்கத்துலயே கடல் வரணும்."

"மகாபலிபுரம் போலாமாக்கா?"

"அங்க ஏதுடா ட்ரெயின்? வெளிநாடு போலாம்."

"இந்த நிலைமைல இதெல்லாம் தேவையா?" என்று பெரியம்மா உட்படப் பலர் தடுத்தனர். ஆனாலும் வியட்நாம் போனோம். தெற்கிலிருந்து வடக்கே, கரையோரமாகவே, ரயிலிலும் பஸ்ஸிலுமாக மூன்று வாரம். ரயில் மலையைச் சுற்றும்போது கீழே கடல் தெரிந்தால் அக்கா என் கையைக் கிள்ளுவார். விரல்களில் அப்போது பலம் இருந்தது.

ஒரு மீனவ கிராமத்தில், அலை காலில் படும்படி உட்கார ஆசைப்பட்டார். தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் தண்ணீர் ஏறி வந்தது. எழுப்பப் பார்த்தேன். ஈரமணலில் என் கால் புதைந்தது. அவர் காலோ ஊன்றவே இல்லை. ஒரு பெரிய அலை இருவரையும் சாய்த்தது.

"விட்டுடாதடா" என்றார் அக்கா. அந்தக் குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. "யாராச்சும் வாங்களேன்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த இரு பெண்கள் ஓடிவந்தார்கள். அவ்வூரில் மீன்பிடிக்கும் படகு நம் பரிசல்போல வட்டமானது. அதை இழுத்து வந்து அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். கரைக்குத் திருப்பப் போனவர்களிடம் அக்கா தலையசைத்து மறுத்து, கடலைக் கைகாட்டினார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் ஏறித் துடுப்பெடுத்தார்.

"அக்கா, வேணாம்க்கா! வந்துடுக்கா!"

"சும்மா இருடா! நல்லாத்தான் இருக்கு!"

அலைகளைத் தாண்டி, அமைதியான நீரில் பரிசல் சுற்றிச் சுற்றி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா சிரிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய பின் நோய் எதையும் விட்டுவைக்கவில்லை. கை ஓய்ந்தது, பேச்சு போயிற்று, விழுங்க முடியாமல் போயிற்று. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. எங்களால் தாங்க முடியாததும் அதுவே. தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கருவி பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்டபோது, அக்கா கண்ணை இருமுறை மூடித் திறந்தார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று பொருள். இன்னொரு முறை கேளுங்கள் என்று மருத்துவரைக் கெஞ்சினேன். மறுபடியும் அதே பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு மணி அடிக்கும் வேளையில் மூச்சு அடங்கியது.

சனிக்கிழமைதோறும் மறைமலை நகரிலிருந்து வந்து அக்காவைத் தலைக்குக் குளிப்பாட்டிய தொழிற்சாலைத் தோழிகளுக்கும், மாடிப்படியில் அவரைச் சுமந்த பக்கத்து வீட்டாருக்கும், ஜெபத்தில் தாங்கிய சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த இரு பெண்களுக்கும் நன்றி. இந்த நினைவு மலர் அவர்கள் கைக்குப் போய்ச் சேராது.

"அக்காவ நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னீர்கள். அருகிலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நான் தனியாகப் பார்க்க வேண்டியிராதபடி நீங்கள் வந்தீர்கள்.