ஒரு மாத மழை ஒரே சாயங்காலத்தில்

மழை பெய்தாலும் அதை அளப்பவன்மேல் ஊருக்குக் கோபம் வரும், பெய்யாவிட்டாலும் கோபம் வரும். ஊர்ப்பொறுப்பு எதையாவது தலையில் வாங்கிக்கொண்டு விழிப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லேப்பிள்ளியில் எங்கள் வயலோரம் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு அளந்து, வேளாண்மை அலுவலகமான கிருஷிபவனுக்குப் போனில் சொல்வது என் வேலை. அந்தக் கணக்கில் மாத மழை குறைந்தால்தான் கருகிய நெல்லுக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். அந்த வருடம் எல்லார் நெல்லும் கருகிக்கொண்டிருந்தது, என்னுடையதும்தான்.

அண்டா

மூன்று வாரம் வெளுத்துக் கிடந்த வானம் ஒரு மத்தியானம் தூறியது. பக்கத்து வயல் பொன்னுச்சாமி அண்டாவோடு ஓடிவந்து மழைமானியை மூடப் பார்த்தார். எனக்குச் சண்டை போட வராது. மூட விடாமல் அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். மறு வளையம் அவர் கையில். தூறல் நிற்கும்வரை அப்படியே நின்றோம்.

"ஏனுங்ணா, வயலுக்குப் பெய்யட்டுமுங்க, இதுக்கு எதுக்குங்க மழை?" என்றார், மழைமானியைக் காட்டி.

உப்பு

பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்ல ஒரு பெண் விஞ்ஞானி வந்தார். வருட மழையின் மொத்தம் அதிகம் மாறாமலேகூட, மழை நாட்கள் குறைந்து, பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கலாம் என்றார். சந்தேகம் கேட்கலாம் என்றதும் என் தலை தானாகக் குனிந்துகொண்டது. நாற்று நடும் சரஸ்வதியக்கா எழுந்தார்.

"ஏனம்மிணி, மாசத்து உப்பை ஒரே நாள் கொழம்புல கொட்டிப்போட்டு, மாசக் கணக்கு சரிதான்னா, அதைத் திங்கறது யாரு?"

விஞ்ஞானி சிரித்துவிட்டார். "அதைத்தான்க்கா நாங்களும் டெல்லிக்கு எழுதிட்டே இருக்கோம்."

பாராட்டு

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கொட்டியது. கருகாமல் மிஞ்சிய நெல்லும் சாய்ந்து தண்ணீரில் மூழ்கியது. காலையில் அளந்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். மாதத்துக்கு வேண்டிய மழை முழுவதும் அதில் இருந்தது. கொஞ்சம் கீழே ஊற்றிவிடலாமா என்று கை போனது. ஆனால் உள்ளதைத்தான் சொன்னேன்.

இன்சூரன்ஸ் அதிகாரி வந்து வயலைப் பார்த்து மெய்யாகவே வருத்தப்பட்டார். விதி மாத மொத்தத்தை மட்டும்தான் பார்க்குமாம். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க அளவுல ஒரு புள்ளி பிசகில்லைங்க. கொஞ்சம் பிசகியிருந்தா எல்லாருக்கும் கிடைச்சிருக்கும்."

காய்ந்ததும் மூழ்கியதும் ஒரே மாதத்தில் என்பதால், விதிப்படி எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.