நேரத்துக்கு வந்த நாள்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம். கடைசியில் இருப்பதாலேயே அதை எப்போதும் ஓட்டமாக நடத்தி முடிப்பார்கள். என் மகளின் டீச்சர் ஓடவில்லை. அவரவர் வீட்டிலிருந்து உண்மையான எண்களைக் கொண்டுவந்து சராசரியும் திட்டவிலக்கமும் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் கரண்ட் மீட்டரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, என் மகளுக்கு அலைச்சலே இல்லை. அவள் வீட்டில் வருஷத்துக்கு ஒன்றாகப் பதினாறு டைரிகளும் அவற்றை எழுதிய நானும் இருக்கிறோம்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை பார்ப்பவள். அந்த வாரம் என் டைரி கம்பெனியிலும் பேச்சாகியிருந்தது. கம்பெனி பஸ் காலை 7.10க்குத் தச்சூர் கூட்டுரோட்டுக்கு வர வேண்டும். ஜூன் முதல் அது தாமதமாக வந்த நாள்களைத் தேதி, நிமிடம் போட்டுப் பட்டியலாக்கி, டிரைவரை மாற்றும்படி திங்கட்கிழமை நிர்வாக அதிகாரியிடம் கடிதம் கொடுத்திருந்தேன். அவர் பட்டியலைப் பார்த்து, இவ்வளவு துல்லியமான புகார் தன் சர்வீஸில் வந்ததில்லை என்றார். நானும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பஸ் கான்ட்ராக்டர் வருவார், பேசி இந்த டிரைவரைக் காட்டுப்பள்ளி வண்டிக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்.

காட்டுப்பள்ளி வண்டி திரும்ப ராத்திரி ஒன்பதாகும். டிரைவரின் மனைவிக்கு மாலை ஷிஃப்ட். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. வருத்தமாக இருந்தாலும், எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை மகள் அந்த டைரியை விரித்து வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தது.

"இன்னாமா இது? பஸ்ஸு எல்லா நாளும் லேட்டுன்னே கீது. சராசரி பன்னெண்டு நிமிசம் வருது."

"அந்தாளு அப்படித்தான்" என்றேன்.

"ஜூலைல மொத்தமே ஆறு நாளுதான் எழுதிக்கீற. மீதி நாளு நீ வேலைக்கே போலயா?"

"போகாம? அன்னிக்கெல்லாம் வண்டி டைமுக்கு வந்துது. அதுல எழுத இன்னா கீது?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மகள் பேனாவை மூடி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் டைரியைத் தன் பக்கம் இழுத்து, பஸ்ஸை விட்டுவிட்டு வேறு வரிகளில் விரல் வைத்துக்கொண்டே போனார். "நான் பால் வாங்க மறந்த நாளெல்லாம் தேதியோட கீது. வாங்கினு வந்த நாளு ஒண்ணுகூட இல்லியே?" கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆதாரத்துக்காகவே காத்திருந்தவர் போல மகளைப் பார்த்தார். அவள் அதையும் கணக்கில் சேர்க்கட்டுமா என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒரே விஷயம்தான். பெட்டியின் மேலே கிடக்கும் மூடியை மட்டும் எடுத்துப் பார்க்காதே. நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடு. கண்ணில் படுகிற கோணல் மூடியைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியே கோணல் என்று எழுதாதே. இப்படி எழுதிய ஒரு பெண்ணை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன். அதையும் அன்றைய டைரியில் எழுதியிருந்தேன்.

மறுநாள் நேர அலுவலகத்தில் என் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கினேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கேட்டிலுள்ள வருகை இயந்திரத்தில் விரல் வைப்பது என் வழக்கம்; கூட்டுரோட்டிலிருந்து கேட்டுக்கு எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும் என்பதால், வண்டி வந்த நேரத்தை அந்த இயந்திரமே குறித்து வைத்திருந்தது. அதற்குக் கோபமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. வந்த நாளெல்லாம் எழுதியிருந்தது. நான் எழுதிய தாமதங்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் எழுதாமல் விட்ட நாள்கள்தான் அவற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தன. மகள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி போட்டபோது சராசரி மூன்று நிமிடத்துக்குள் வந்து நின்றது.

அவள் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். நாணயம் சுண்டுகிறார்கள், பகடை உருட்டுகிறார்கள். ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று நீலப் பந்து. அந்தப் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டது யார், பிடிக்காத நிறத்தை வெளியே வைத்துவிட்டாரா என்று ஒரு கணக்கிலும் கேட்கவில்லை. திட்டவிலக்கத்தின் சூத்திரம் முக்கியந்தான், பரீட்சையில் வரும். ஆனால் அதற்கு முன்னால், இந்த எண்களை எழுதியவர் எந்த நாளில் பேனாவை எடுத்தார், எந்த நாளில் எடுக்கவில்லை என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் படித்த காலத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் பால் வாங்காதவராக இருந்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கான்ட்ராக்டர் வருவதற்கு முன்பே, நிர்வாக அதிகாரியிடம் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய்யா எழுதிட்டீங்களா மேடம்?"

"இல்ல சார். எல்லாம் நெசம். ஆனா பாதிதான் எழுதினேன்."

அதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். வருகைப் பதிவையும், மகள் கட்டம் போட்ட தாளில் செய்த கணக்கையும் இணைத்துக் கொடுத்தேன். இதுவும் துல்லியமாக இருக்கிறது என்றார். இந்த முறை அது பாராட்டாகப் படவில்லை. டிரைவர் எங்கள் வண்டியிலேயே இருக்கட்டும் என்று மதியம் முடிவானது.

டிரைவருக்கு என் முதல் கடிதமும் தெரியும், இரண்டாவதும் தெரியும்; பஸ்ஸில் ரகசியம் தங்காது. திங்கட்கிழமை சரியாக 7.10க்குக் கூட்டுரோட்டில் வண்டி நின்றது. படியில் கால் வைக்கும்போது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ரோட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு எழுதுவியா யக்கா?"

"இனிமே தெனமும் எழுதுவேன்."

கியரைப் போட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் யோசித்தார். "அப்ப நாளைக்குக் கொஞ்சம் லேட்டாவும். டயரு மாத்தணும். அத்தையும் எழுதிக்கோ."

செவ்வாய்க்கிழமை பதினொரு நிமிடம் தாமதம். காரணம் டயர். எழுதிவிட்டேன். அதற்கு அடுத்த வரி: வீட்டுக்காரர் பால் வாங்கிவந்தார்.